முள் ஏறும் கார்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

கேள்வி — மார்ச் 2, மாலை 6.15

என்னுடைய கார் பன்னிரண்டு ஆண்டுப் பழையது, பெட்ரோல் என்ஜின். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொருவரிடமிருந்து வாங்கினேன். நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறத் தொடங்குகிறது. ஏசி போட்டிருந்தால் இன்னும் சீக்கிரமாக ஏறுகிறது. நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் தானாகவே நடுவுக்கு இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், சூடே ஏறாது என்கிறார் மெக்கானிக். கழற்றிவிடலாமா?

மார்ச் 2, இரவு 9.40

கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் பெரும்பாலும் தொடர்பிருக்காது.

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சிறிய குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. என்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் கலவைத் தண்ணீர்) 82 அல்லது 88 டிகிரி செல்சியஸை எட்டும்போது (எந்த அளவு என்பது வால்வின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்) அந்த மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கிறது. அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிவருகிறது. என்ஜின் விரைவாகச் சூடாகி, அதன்பின் அதே சூட்டில் நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் கார் நின்றாலும் ஓடினாலும் சூடு ஏறும். நெடுஞ்சாலையில் சீக்கிரமாகவே ஏறும், ஏனென்றால் அங்கேதான் என்ஜின் அதிகம் உழைக்கிறது. உங்களுடையது நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடும்போது இறங்குகிறது. ஓடும் காருக்கு எதிர்க்காற்று கிடைக்கிறது, நிற்கும் காருக்கு ஃபேன் தரும் காற்று மட்டுமே உண்டு. ஆகவே முதல் சந்தேகம் ஃபேன்மீதும் காற்று போகும் வழியின்மீதும்தான் விழ வேண்டும். முள் நடுவில் நிற்கும்வரை என்ஜின் சரியான சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், ஆகவே உங்கள் தெர்மோஸ்டாட் நன்றாகவே இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

மார்ச் 3, காலை 7.05

"நான் கழற்றித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். நானும் என் முதல் காரில் அப்படித்தான் ஓட்டினேன், ஆகவே அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கழற்றிய அன்று முள் கீழேயே கிடந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. என்ஜின் சூடேறாததால் இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதைக் குளிர்ந்த என்ஜின் என்றே எண்ணிக்கொண்டு கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருந்தது, மைலேஜ் குறைந்தது. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். அளவு குறையாமல் இருந்ததோடு, மேல் கோட்டையும் தாண்டியிருந்தது. குச்சியின் நுனியை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்திருந்தது. அந்த ஆயிலை நம்பித்தான் கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்குகளும் சுழன்றுகொண்டிருந்தன. "ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை அந்தக் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழற்றிய பிறகும் நெரிசலில் முள் ஏறத்தான் செய்தது. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத்தில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கிறது. வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை மூடி, தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும்; ஒரு பகுதி தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமலேயே என்ஜினுக்குத் திரும்பிவிடும். குளிர வேண்டிய நேரத்தில் குளிர்வு குறையும்.

மார்ச் 5, இரவு 8.30

ஃபேன் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்திதான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. நான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. ஃபேன் சுற்றுகிறதா என்று கேட்டதற்குப் பதிலாக, அது ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு ஒரு காகிதம் போதும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டவுடன் ஃபேனும் ஓடும். காருக்கு முன்னால் நின்று, ஒரு வெள்ளைத்தாளை முன்பக்கக் கிரில்லின்மீது வைத்துக் கையை எடுங்கள். காற்று நன்றாக உள்ளே இழுக்கப்பட்டால் தாள் அங்கேயே ஒட்டி நிற்கும். தாள் வெளியே பறந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது என்று பொருள். மோட்டாரை மாற்றியவர் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி இணைத்திருப்பார். தாள் வழுக்கிக் கீழே விழுந்தால் ஃபேன் வேகம் போதவில்லை, அல்லது வழி அடைத்திருக்கிறது.

பல கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகங்கள் உண்டு. முதல் வேகம் மட்டும் வந்து இரண்டாவது வராமல் போனால் அதற்குரிய ரிலேயை (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சை) பாருங்கள். முதல் வேகம் வராமல், முள் மிகவும் ஏறிய பிறகு திடீரென்று முழு வேகத்தில் அலறினால், ஃபேனோடு இணைந்து முதல் வேகத்துக்காக மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மார்ச் 6, காலை 6.50

முதல் நாள் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. படுத்த பிறகுதான் அது உறைத்தது. முள் நடுவில் நின்றால் சூடு சரியாக இருக்கிறது என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன். இன்றைய கார்கள் பலவற்றில் அது உண்மையில்லை.

முள் அசையும்போதெல்லாம் ஓட்டுநர் பதறுகிறார் என்பதால், தயாரிப்பாளர்கள் அதை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 டிகிரிவரை, சில கார்களில் அதற்கும் மேலே, முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும். முப்பது டிகிரி வேறுபாட்டை அது காட்டிக்கொடுப்பதே இல்லை. ஆகவே உங்கள் முள் நடுக்கோட்டைத் தாண்டுகிறது என்றால் சூடு ஏற்கெனவே நிறைய ஏறிவிட்டது. நடுவில் நிற்கிறது என்றாலோ அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

காரின் கணினியிலிருந்து எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, கூலன்ட் சூட்டை எண்ணாகப் பாருங்கள். நான்கு எண்கள் வேண்டும்: நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் எவ்வளவு, நின்றவுடன் எவ்வளவு, ஃபேன் எந்த எண்ணில் ஓடத் தொடங்குகிறது, எந்த எண்ணில் நிற்கிறது. இவை கைக்கு வரும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

மார்ச் 6, மதியம் 1.20

ஒரு எச்சரிக்கை விட்டுப்போயிற்று. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி கொடுக்கும் அழுத்தத்தில் அது 125 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகிய அந்த நொடியில் அழுத்தம் போய்விடுவதால் உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாயை) கையால் அமுக்கிப் பார்த்து, அது துவண்டு, தொட்டால் சுடாத நிலைக்கு வந்த பிறகே மூடியில் கை வையுங்கள்.

மார்ச் 9, இரவு 10.10

எண்கள் வரும்வரை, முள்ளை நம்பி நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். இது என்னுடைய இரண்டாவது கார். பழைய வகை, முள் அடக்கப்படாத மீட்டர்.

மாலையில் வீடு திரும்பும்போது மட்டும் முள் ஏறும். காலையில் அதே பாதை, அதே நெரிசல், ஆனால் ஏறாது. மாலை வெயிலில் சாலை சூடாக இருப்பதால் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். சென்சாரை மாற்றினேன், தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். மூன்றும் வீண். ஒரு நாள் இருட்டிய பிறகு, சிக்னலில் வலப்பக்கம் திரும்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு நின்றபோது, டெம்பரேச்சர் முள் மெல்லத் துடிப்பதைக் கவனித்தேன். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கும் அதே தாளத்தில் முள்ளும் ஒரு நூலளவு மேலே போய்க் கீழே வந்தது. இத்தனை லிட்டர் தண்ணீரின் சூடு நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்க முடியாது. ஹெட்லைட்டை அணைத்தேன்; முள் சட்டென்று இறங்கியது. போட்டேன், ஏறியது.

மாலையில் முள் ஏறியதற்குக் காரணம் வெயில் இல்லை, நான் விளக்கைப் போட்டதுதான். மறுநாள் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவிலும் மறுமுனையை டாஷ்போர்டின் எர்த் ஒயரிலும் வைத்து, எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்த்தேன். 0.6 வோல்ட் காட்டியது. நல்ல எர்த்தில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாகாது. டாஷ்போர்டுக்கு அடியில் பக்கச்சுவரில் இருந்த எர்த் போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி இறுக்கினேன், 0.04 வோல்ட்டுக்கு வந்தது, முள்ளும் அடங்கியது. என்ஜின் அத்தனை நாளும் சூடாகவே இல்லை.

உங்களுடையது இந்த வகை என்று நான் சொல்லவில்லை. ஏசியை அணைத்ததும் உங்கள் முள் உடனே விழுகிறதா, இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள். உடனே விழுந்தால் மின் கோளாறு, மெல்ல இறங்கினால் உண்மையான சூடு.

மார்ச் 13, இரவு 9.00

எண்கள் வந்துவிட்டன. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 76 டிகிரி. நின்ற பிறகு மெல்ல ஏறி 98ஐ எட்டியதும் ஃபேன் ஓடத் தொடங்குகிறது. ஆனால் அது ஓடியும் சூடு இறங்காமல் 109வரை போகிறது. காகிதம் வழுக்கிக் கீழே விழுந்தது. முள் மெல்லத்தான் இறங்குகிறது.

இந்த 76ஐப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. உங்கள் என்ஜினுக்குரிய தெர்மோஸ்டாட் 88 டிகிரி வகை என்று கையேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். 88 டிகிரி வால்வு சரியாக இருந்தால், என்ஜின் நன்கு சூடேறிய பிறகு நெடுஞ்சாலையில் அது 76க்கு இறங்க வழியே இல்லை. 80ஐத் தொடுவதற்கு முன்பே வால்வு மூடிக்கொள்ளும். ஆகவே அது திறந்தபடி சிக்கியிருக்க வேண்டும், அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லாமல் இருக்கலாம். காரை உங்களுக்கு விற்றவரோ அவருக்கும் முந்தைய உரிமையாளரோ ஏற்கெனவே அதைக் கழற்றியிருக்கலாம். "உங்கள் தெர்மோஸ்டாட் நன்றாகவே இருக்கிறது" என்று மார்ச் 2ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முள் நடுவில் நின்றதை நம்பித்தான் அப்படி எழுதினேன். அந்த நடுவுக்குள் 76ம் அடக்கம்.

ஸ்கேனரில் பதிவான கோளாறு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பி0128 என்று இருந்தால், கூலன்ட் தெர்மோஸ்டாட்டின் அளவை எட்டவில்லை என்று இசியூவே குறித்து வைத்திருக்கிறது.

மார்ச் 14, காலை 7.30

பி0128 இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. சரி. ஆனால் இது நெடுஞ்சாலையில் குளிர்வதற்கு மட்டுமே விடை. நிற்கும்போது 109வரை ஏறுவதற்கு இது முழுக்காரணம் ஆகாது. ஒரே காரில் இரண்டு கோளாறுகள், ஒன்று சூட்டைக் குறைப்பது, மற்றொன்று கூட்டுவது. நடுவில் நின்ற முள் இரண்டையும் மறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவதற்கு இப்படிச் செய்யுங்கள். என்ஜின் ஓடும்போது கூலன்ட் சென்சாரின் இணைப்பைக் கழற்றுங்கள். பல கார்களில் இசியூ சூடு தெரியாத நிலையில் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட்டும். அப்போது ஸ்கேனர் மைனஸ் 40 என்று காட்டினால் பதற வேண்டாம். இணைப்பு அறுந்திருக்கிறது என்பதற்கான எண் அது. ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது மீண்டும் காகிதத்தை வைத்துப் பாருங்கள்.

மார்ச் 15, இரவு 8.45

முழு வேகத்திலும் தாள் நிற்கவில்லை. ஆகவே ஃபேன்மீது குற்றமில்லை, வழிதான் அடைத்திருக்கிறது.

ரிசர்வாயரில் தண்ணீர் வாரந்தோறும் ஒரு டம்ளர் அளவு குறைகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு வரிசையில் யோசித்திருப்பேன். தண்ணீர் குறைந்து, வெளியே கசிவும் தெரியாவிட்டால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கும் மேல் மூடிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) நினைவுக்கு வராமல் இருக்காது. அது உறுதியானால் செலவும் வேலையும் பெரிது என்பதால், அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். இரவு முழுவதும் நின்று குளிர்ந்த காரைக் காலையில் இயக்கி, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரிலிருந்து புகை உள்ளே நுழைகிறது. ரிசர்வாயரில் இடைவிடாமல் குமிழ் வந்தாலும் அதேதான். ஐயம் தீராவிட்டால், புகையைக் கண்டறியும் நீலத் திரவத்தை மெக்கானிக்கிடம் கேளுங்கள். ரேடியேட்டர் வாயின் மேல் வைத்து ஆவியை அதன் வழியாக இழுக்கும்போது, எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல் வெள்ளைப் படிவு இருப்பதை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முழுச்சூட்டை எட்டாத என்ஜினில், முக்கியமாக உங்களுடையதைப்போல் தெர்மோஸ்டாட் வேலை செய்யாத என்ஜினில், ஈரம் ஆவியாகாமல் அங்கே அப்படித்தான் படியும்.

மார்ச் 18, காலை 6.40

லேசர் புள்ளியுள்ள தெர்மோமீட்டரால் அளந்தால் என்ஜின்மீது 70தான் வருகிறது, ஸ்கேனர் 95 காட்டுகிறது, எது பொய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பளபளக்கும் அலுமினியத்தின்மீது அந்தக் கருவி எப்போதும் குறைத்தே காட்டும், ஏனென்றால் அத்தகைய பரப்பு வெப்பக்கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடுகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அது சூடேறிய பிறகு அதன்மேல் அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் நெருங்கி வரும்.

இன்னும் ஐயமிருந்தால் சென்சாரைத் தனியாகச் சோதிக்கலாம். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். வழக்கமான வகைகளில் 20 டிகிரியில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஓம்வரையும், 80 டிகிரியில் 300 ஓமுக்கு அருகிலும் இருக்கும்.

மார்ச் 22, இரவு 9.30

ஹோஸ் இறுகவில்லை, குமிழ் இல்லை, நீலம் நீலமாகவே இருந்தது. ஹெட் கேஸ்கட்டைப் பற்றி இனிக் கவலை வேண்டாம்.

ரேடியேட்டரின் மேல் பிடிகளைக் கழற்றி அதைச் சற்றே பின்னால் சாய்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். நீங்கள் அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னாலிருந்து பார்த்தால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சர் சுத்தமாகத்தான் இருக்கிறது, பின்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டரும் சுத்தம். இரண்டுக்கும் நடுவில், விரல் நுழையும் அளவே உள்ள இடைவெளியில், தூசியும் நூலும் புல்விதையும் பூச்சிச் சிறகுகளும் சேர்ந்து கம்பளிபோல் படிந்து, ரேடியேட்டரின் கீழ்ப்பாதியை மூடியிருக்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது ஒரே துணியாக உரிந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி ஓடும்போது அடிக்கும் எதிர்க்காற்று எப்படியோ மேல்பாதி வழியாகப் போதுமான அளவு புகுந்துவிட்டது. ஃபேனால் அது முடியவில்லை.

மிச்சத்தைக் கழுவும்போது என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரைச் செலுத்துங்கள், சாதாரண ஹோஸ் குழாய் போதும். உயர் அழுத்தப் பம்பைக் கொண்டு அடித்தால் அந்த மெல்லிய அலுமினிய இதழ்கள் மடங்கி வழியை மீண்டும் அடைத்துவிடும்.

தண்ணீர் குறைந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. மூடியில் 1.1 பார் என்று எழுதியிருக்க, பம்பில் வைத்துச் சோதித்தபோது 0.4லேயே விட்டுக்கொடுத்திருக்கிறது, அடியிலுள்ள ரப்பர் வெடித்திருக்கிறது. அழுத்தம் நிற்காததால் 109 டிகிரியில் உள்ளுக்குள் ஆங்காங்கே கொதித்து, ரிசர்வாயர் வழியாக ஆவியாக வெளியேறியிருக்கிறது. புதிய மூடியை அதே அளவில் வாங்குங்கள். கூடுதல் அழுத்தமுள்ள மூடி நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பழைய ஹோஸ்கள் தாங்கா.

மார்ச் 25, காலை 7.15

தெர்மோஸ்டாட் பெட்டியைத் திறந்ததில் உள்ளே ஒன்றுமே இல்லை, ரப்பர் வளையம் மட்டும் கிடந்தது. கழற்றலாமா என்று நீங்கள் கேட்ட பொருள், நீங்கள் வாங்கும் முன்பே கழற்றப்பட்டுவிட்டது. அது இல்லாமலேயே இரண்டு ஆண்டுகளாக நெரிசலில் சூடேறிக்கொண்டிருந்தது என்பதைவிட உங்கள் கேள்விக்குத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

புதியதைப் பொருத்தும் முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மோமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். நான் எப்போதும் இதைச் செய்கிறேன். புதிதாக வாங்கியவற்றிலும் ஒன்று திறக்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். 88ஐ ஒட்டி விளிம்பில் மயிரிழை இடைவெளி தெரியும், அது மெல்ல அகலும். பாத்திரத்தின் அடியைத் தொடவிடாதீர்கள். பொருத்தும்போது அதிலுள்ள சிறிய காற்றுத்துளை மேல்பக்கம் வரட்டும்.

ஆயிலையும் மாற்றிவிடுங்கள், இரண்டு ஆண்டு குளிர்ந்த ஓட்டத்துக்குப் பிறகு அதை நம்ப வேண்டாம்.

மார்ச் 28, இரவு 10.00

"எல்லாம் மாற்றிய பிறகு திடீரென்று 89லிருந்து 103க்குத் தாவுகிறது, ஹீட்டரிலும் குளிர்ந்த காற்றுதான் வருகிறது" என்ற செய்தி வந்தபோது முதலில் திகைத்தேன், பிறகு அந்த இரண்டாம் பாதியே விளக்கத்தைத் தந்துவிட்டது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது. குளிர்ந்த பிறகு காரின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றுவதற்கான திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் தண்ணீர் மட்டும் வரும்வரை மெல்ல ஊற்றுங்கள்.

மார்ச் 31, காலை 8.20

இன்று காலை வந்த எண்கள்: நெடுஞ்சாலையில் 90, 91. நெரிசலில் ஏசியோடு இருபது நிமிடம் நின்றபோது 98ல் ஃபேன் ஓடத் தொடங்கி, 93ல் நின்றது. மீண்டும் 98, மீண்டும் 93. தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பி0128ஐ அழித்த பிறகு திரும்ப வரவில்லை.

அடுத்த மூன்று நாள்களும் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வாயரின் அளவைப் பாருங்கள். மீதிக் காற்று வெளியேற வெளியேற முதல் நாள் சற்றுக் குறையும், அதற்கு ஈடாக ஊற்றிக்கொள்ளலாம். மூன்றாம் நாளும் குறைந்தால் மட்டும் இங்கே எழுதுங்கள்.